ஊழியத்தில் சோர்வு: "கர்த்தர் பெலன் தருவார்" என்று ஓடிக்கொண்டே இருப்பதா, நிறுத்துவதா?

நாலாம்வரிசை_ஆல்டோ கேட்டது:

ஸ்தோத்திரம். நேரா விஷயத்துக்கு வரேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, நடுத்தர சேகரம் (ஒரு ஆயரோட பொறுப்புல இருக்கிற வட்டாரம்). பிழைப்புக்குப் பள்ளிக்கூட ஆசிரியை வேலை. அதுக்கு மேல ஞாயிறு பள்ளியில ஒரு வகுப்பு, கொயர்ல (பாடகர் குழு) ஆல்டோ (பெண்கள்ல தாழ்ந்த குரல்), புதன்கிழமை தெரு ஜெபக்குழுப் பொறுப்பு. மே மாசம் வி.பி.எஸ். (பிள்ளைங்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு).

இப்போ நிலைமை: சனிக்கிழமை மத்தியானமே வயித்தைப் பிசைய ஆரம்பிச்சிடுது. பிள்ளைங்க மேல காரணமில்லாம எரிச்சல் வருது. ஆராதனையில வாய் பாடுது, உள்ள ஒண்ணும் இறங்கல. சபையில யார்கிட்ட சொன்னாலும் "என் பெலவீனத்திலே அவர் பெலன் பூரணமா விளங்கும், விட்டுடாதீங்க சிஸ்டர்"ங்கிறாங்க.

மூணு கேள்வி. தேவ பெலனைச் சார்ந்திருக்கிறதுன்னா நடைமுறையில என்ன அர்த்தம்? பொறுப்பைக் குறைக்கிறது விசுவாசக் குறைவா? குறைக்கலாம்னா, பிள்ளைங்க வகுப்பு நின்னுபோகாம எந்த வரிசையில, எப்படிக் குறைக்கிறது? "ஜெபிங்க"ன்னு மட்டும் பதில் வேண்டாம். ஜெபம்பண்ணத்தான் முடியல.

---

ஓய்வுபெற்ற_உபதேசியார் பதில்:

அம்மா, முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மூன்றாவதற்குக் கணக்கு வழக்குத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசியுங்கள். கர்மேலில் அக்கினி இறங்கியது முந்தின அதிகாரம். இங்கே எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் கொலைமிரட்டலுக்குப் பயந்து ஓடி, பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, ஒருநாள் வழி தனியே நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். அப்போது கர்த்தர் என்ன செய்தார் என்பதை வரிசை மாறாமல் பாருங்கள். முதலில் தூங்க விட்டார். தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். தின்றுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான். இரண்டாம் முறையும் அதே சாப்பாடுதான். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற வார்த்தை அப்போதுதான் வருகிறது. நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியும் மெல்லிய சத்தமும். நம் சபைகளில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். தூக்கமில்லாதவனிடம் முதலில் பிரசங்கம் பண்ணுகிறோம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா இரண்டு முறை சொல்கிறான். அதற்குக் கர்த்தர் கொடுத்த பதிலில் ஆறுதலை விட ஆள்தான் அதிகம்: ஆசகேல், யெகூ, எலிசா. கூடவே பாகாலுக்கு முடங்காத ஏழாயிரம் பேர். பெலன் என்பது அங்கே அடையாக, தண்ணீராக, தூக்கமாக, எலிசாவாக வந்தது.

உங்களிடம் சொல்லப்படுகிற 2 கொரிந்தியர் 12:9-க்கு வருவோம். பவுல் அங்கே பேசுவது தன்னை விட்டு நீங்காத முள்ளைப் பற்றி. நாமே தலையில் ஏற்றிக்கொண்ட பொறுப்புகளின் பட்டியலை அந்த வசனத்தின்கீழ் கொண்டுவந்து வைப்பது சரியல்ல. ஊழியத்துக்கு அளவு சொல்லும் வசனம் 1 பேதுரு 4:11: "ஒருவன் உதவிசெய்தால் தேவன் தந்தருளும் பெலத்தின்படி செய்யக்கடவன்." "பெலத்தின்படி" என்பதில் ஒரு அளவு இருக்கிறது. தரப்படாத பெலத்தைக் கடன்வாங்கிச் செய் என்று அங்கே எழுதவில்லை.

மோசேயின் மாமனார் எத்திரோவையும் மறக்க வேண்டாம். மோசே காலை முதல் மாலை வரை நியாயம் விசாரித்ததை அவர் பாராட்டவில்லை. "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார், யாத்திராகமம் 18-இல். மோசே மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். அதைக் கேட்டு ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு என்று அதிபதிகளை வைத்த மோசேயை விசுவாசக் குறைவுள்ளவன் என்று யாரும் சொன்னதில்லை.

---

கமிட்டி_செயலர் பதில்:

உபதேசியார் ஐயா சொன்னதுக்குக் கீழ கணக்கைப் போடுறேன்.

முதல்ல ஒரு நோட்டு எடுத்து ரெண்டு வாரத்துக்கு, ஊழியத்துக்காகப் போற ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுதுங்க. "சும்மா ஒரு மணி நேரம்தானே"ங்கிற பேச்சு அங்கேயே அடங்கிடும். நீங்க சொன்ன மூணு பொறுப்புக்கும் சாதாரணமா ஆகிற நேரம் இதுதான். ஞாயிறு பள்ளி: வகுப்பு 1 மணி, பாடம் தயாரிக்க 2 மணி, வராத பிள்ளைங்க வீட்டுக்குப் போன் அரை மணி. கொயர்: சனிக்கிழமைப் பயிற்சி 2 மணி, ஞாயித்துக்கிழமை முன்னாடியே போய் நிக்கிறது 1 மணி. புதன் ஜெபம்: கூட்டம் ஒன்றரை, போக வர 1, செய்தி தயாரிக்க 1. இதுக்கெல்லாம் மேல வாட்ஸ்அப்பும் போனும் தினம் 20 நிமிஷம்னு வச்சா வாரத்துக்கு ரெண்டரை மணிக்குக் கொஞ்சம் கம்மி. கூட்டிப்பாருங்க, பன்னிரண்டரை மணி கிட்ட வரும். சபை கண்ணுக்குத் தெரியறது நாலரை மணிதான். மீதி எட்டு மணி உங்க தூக்கத்துலயும் வீட்டுலயும் கழியுது.

அடுத்தது ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல ரெண்டு குறி. இதை வேற யாராவது செய்ய முடியுமா? இதைச் செஞ்சு முடிச்சதும் களைப்போட ஒரு நிறைவு இருக்கா, வெறும் களைப்பா? வேற ஆள் செய்யலாம், நிறைவும் இல்லைன்னு வர்றதுதான் முதல்ல போகணும். அநேகமா அது வகுப்பா இருக்காது. வகுப்போட ஒட்டிக்கிட்ட பதிவேடு, போட்டித்தேர்வுக் கட்டணம் வசூல், ஆண்டு விழா டிரெஸ் மாதிரி வேலைகளா இருக்கும். பல பேர் வகுப்பை விட்டுட்டு இந்த உதிரி வேலையை வச்சுக்கிறாங்க, "சின்ன வேலைதானே"ன்னு. அது தப்பு. பிள்ளைங்க முகத்தைப் பார்க்கிற வேலையை விட்டுட்டா மனசு இன்னும் சீக்கிரம் காஞ்சுபோகும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல விடாதீங்க. ரெண்டு காரணம். கோபத்துல விட்டமாதிரி தெரியும், அப்புறம் குற்ற உணர்ச்சியில மூணாவது வாரமே திரும்பிப் போயிடுவீங்க. ஆறு வாரம் எடுத்துக்கோங்க. ஒருவேளை வகுப்பையே கைமாத்துறதா இருந்தா இப்படி. முதல் ரெண்டு வாரம் புது ஆள் கூட உக்காந்து பார்க்கட்டும். அடுத்த ரெண்டு வாரம் அவங்க நடத்தட்டும், நீங்க பின் பெஞ்சுல. அஞ்சாவது வாரம் அவங்க தனியா, நீங்க சபை வளாகத்துல இருந்தா போதும். ஆறாவது வாரம் நீங்க வேற ஆராதனைக்குப் போயிடுங்க.

இதுல கெடுறது பெரும்பாலும் அஞ்சாவது வாரம்தான். புது ஆள் உங்களை மாதிரி நடத்த மாட்டாங்க, கதை சப்புன்னு இருக்கும், பிள்ளைங்க சத்தம் போடும். "பரவால்ல, இன்னைக்கு நான் எடுக்கிறேன்"னு உள்ள புகுந்தீங்கன்னா கைமாத்தினது அங்கேயே முடிஞ்சுபோச்சு. சுமாரான வகுப்பு நாலு வாரம் நடந்தா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

வி.பி.எஸ். தனிக் கணக்கு. பத்து நாள் நடத்துறதுன்னா ஆசிரியருக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்து ஒரு மாசம் போயிடும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், அரும்புகள் (சின்னப் பிள்ளைங்க) வகுப்புக்கு மட்டும் கூட ஒரு உதவியாள். இந்த அளவுக்கு ஆள் கிடைக்கலைன்னா பத்து நாளை அஞ்சு நாளாக்குங்க. ஆளைக் குறைச்சு நாளைக் குறைக்காம விடுறதுதான் எல்லா சபையும் செய்யுற தப்பு.

சுழற்சி முறைக்கு வேதத்துலயே திட்டம் இருக்கு, யாரும் கேலி பண்ண முடியாது. 1 நாளாகமம் 24-ல ஆசாரியருக்கு 24 முறை. அடுத்த அதிகாரத்துல பாடகர் 288 பேரு, அவங்களுக்கும் முறைக்குப் பன்னிரண்டு பேரா 24 முறை. கொயர் மாஸ்டர் "எல்லாரும் எல்லா ஞாயிறும்"னு சொன்னா இதை மரியாதையா எடுத்துக் காட்டுங்க. குரலுக்கு ஆறு பேர் இருந்தா மாசத்துல ஒரு ஞாயிறு ரெண்டு ரெண்டு பேர் பெஞ்சுல உக்காரலாம், நாலு பேர் நின்னாலே பாட்டு தாங்கும்.

---

இராத்திரி_ஷிப்ட் பதில்:

ஆஸ்பத்திரி ஆள். ஆன்மீகப் பக்கம் மேல சொல்லிட்டாங்க, நான் உடம்புப் பக்கம்.

"பர்ன்அவுட்"னு (வேலைப் பளுவால வர்ற சோர்வு) பேர் வைக்கிறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12. நாம "ஆவிக்குரிய வறட்சி"ன்னு சொல்லிட்டுத் திரியற பல கேஸ் ரத்தசோகையும் தைராய்டும்தான், பெண்களுக்கு ரொம்பவே. மாத்திரையில சரியாகிறதுக்கு உபவாசம் போட்டுட்டு இருக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல ஏத்துக்கிட்ட நோய்ப் பட்டியல்ல, ஐ.சி.டி.-11-ல, பர்ன்அவுட்டை நோய்னு சொல்லல, வேலை சார்ந்த நிலைன்னுதான் சொல்லுது. மூணு அடையாளம்: சக்தி வத்திப்போறது, வேலை மேல விலகலும் வெறுப்பும், செய்யறது எதுவும் உருப்படலைங்கிற எண்ணம். சம்பளமில்லாத ஊழியத்தை மனசுல வச்சு எழுதின வரையறை இல்ல அது, ஆனா நீங்க எழுதினதுல முதல் ரெண்டும் அப்படியே இருக்கு.

மனச்சோர்வு நோய் வேற. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? தோராயமா ஒரு வழி: பர்ன்அவுட்னா ஊழியத்தை நினைச்சாத்தான் பாரம், தங்கச்சி கல்யாணம், நல்ல சாப்பாடு, மழை எல்லாம் இன்னும் பிடிக்கும். டிப்ரஷன்னா எதுவுமே பிடிக்காது. பெரும்பாலான நாள் அப்படி ரெண்டு வாரத்துக்கு மேல போச்சு, தூக்கமும் பசியும் மாறிப்போச்சுன்னா மனநல டாக்டரைப் பாருங்க. "செத்துட்டா நல்லா இருக்கும்"ங்கிற எண்ணம் வந்தா ரெண்டு வாரம்னெல்லாம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போகணும், தனியா இருக்கக் கூடாது. அரசாங்கத்தோட டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். எலியாவுக்கும் அந்த எண்ணம் வந்துச்சு. அதனால வெட்கப்பட ஒண்ணுமில்ல.

உபவாசம்: களைச்சுப்போன ஆளுக்கு உபவாசம் மருந்து இல்ல. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம சாப்பாட்டை நிறுத்தினா சர்க்கரை சடார்னு இறங்கிடும். முழு இரவு ஜெபத்தை மூணு மாசத்துக்கு விட்டுடுங்க. மறுநாள் வகுப்பு எடுக்கிற ஆள் ராத்திரி முழிக்கிறதே எனக்குச் சம்மதம் இல்ல.

ஆல்டோன்னு போட்டதால ஒண்ணு: குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல இருந்தா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. பகல்ல வகுப்பு, சாயங்காலம் கொயர்னு ரெண்டு பக்கமும் குரலை இழுக்கிறவங்களுக்குக் குரல்நாண்ல முடிச்சு வரும். குசுகுசுன்னு பேசினா ஓய்வுன்னு நினைக்காதீங்க, அதுவும் இழுப்புதான்.

---

கடைசிவரை_ஓட்டம் பதில்:

எல்லாரும் ஓய்வு ஓய்வுன்னே எழுதியிருக்கீங்க. பவுல் "செலவுபண்ணவும் செலவுபண்ணப்படவும் விரும்புகிறேன்" என்றார், அதே 2 கொரிந்தியர் 12-இல். சிலுவை சுமக்கிறதுல வலி இருக்கத்தான் செய்யும். இப்படி ஆளாளுக்குக் குறைச்சுக்கிட்டா ஏற்கெனவே ஆள் இல்லாத கிராமச் சபைகள் மூடத்தான் வேண்டும்.

---

ஓய்வுபெற்ற_உபதேசியார் பதில்:

தம்பி சொல்வதில் பாதி நியாயம். வலியே இல்லாத ஊழியத்தை வேதம் வாக்குப்பண்ணவில்லை. ஆனால் அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். மக்கெதோனியாவில் பவுலின் சரீரத்துக்கு இளைப்பாறுதல் இல்லை, வெளியே போராட்டம், உள்ளே பயம். தேவன் எப்படி ஆறுதல் செய்தார்? "தீத்து வந்ததினாலே" என்று எழுதுகிறார். பேருந்தோ ரயிலோ இல்லாத காலத்தில் ஒரு ஆள் வந்து சேர்ந்ததைத்தான் தேவனுடைய ஆறுதல் என்கிறார்.

பிலிப்பியர் 2-இல் எப்பாப்பிரோதீத்துவைப் பாருங்கள். கிறிஸ்துவின் ஊழியத்தினிமித்தம் சாவுக்குச் சமீபமாய் இருந்தவன். பவுலுக்கு அவன் உதவி தேவைதான், ஆனாலும் அவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்; அதுமட்டுமல்ல, அவனைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டு கனமாய் எண்ணுங்கள் என்றும் எழுதுகிறார். பாதியில் திரும்பியவன் என்று யாரும் வாய் திறக்காதபடிக்குக் கையில் ஒரு சாட்சிக் கடிதம். ஆயர்கள் செய்யவேண்டியது அது.

கிராமச் சபைகள் மூடும் என்கிற பயம் உண்மையான பயம். ஆனால் ஒரே ஆள் பன்னிரண்டு வருஷம் பிடித்துக்கொண்டிருக்கும் பொறுப்புக்கு அடுத்த ஆள் உருவாவதே இல்லை. எண்ணாகமம் 8-இல், ஆசரிப்புக் கூடாரத்தில் பணி செய்த லேவியருக்கு 25 வயதில் வேலை தொடக்கம், 50-இல் பாரவேலை முடிவு. அதன்பின் சகோதரருக்கு ஒத்தாசை மட்டும். வேலையை விட்டாலும் கூடாரத்தை விடவில்லை. அந்த நடுவழி நம் சபைகளில் இல்லை. இருந்தால் பொறுப்பில், இல்லாவிட்டால் வெளியே.

---

நாலாம்வரிசை_ஆல்டோ கேட்டது:

ரொம்ப நன்றி. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கிறேன். ரெண்டு விஷயம் இன்னும் தெளிவாகல. ஆயர்கிட்ட எப்படிச் சொல்றது? "யாருமே இல்லையே அம்மா"ன்னு சொன்னா நான் அங்கேயே கவுந்துடுவேன். இன்னொண்ணு, ஜெபம் வராத இந்த நாள்கள்ல என்ன பண்றது?

---

கமிட்டி_செயலர் பதில்:

ஆராதனை முடிஞ்சு கை கொடுக்கிற வரிசையில நின்னு சொல்லாதீங்க. அங்க சொன்னா "ஜெபிப்போம்"ங்கிற பதில்தான் வரும். வாரநாள் சாயங்காலம் நேரம் கேட்டுப் போங்க, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கோங்க. பேச்சு தடுமாறும்னு தெரிஞ்சா எழுதியே கொண்டுபோங்க. அஞ்சு வரி போதும்:

"ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளி வகுப்பைத் தொடர்ந்து செய்கிறேன். புதன் ஜெபக்குழுப் பொறுப்பை இந்தத் தேதியோடு ஒப்படைக்க விரும்புகிறேன். அதுவரை புது ஆளுக்குக் கூட இருந்து சொல்லித்தருவேன். கொயரில் மூன்று மாதம் விடுப்பு வேண்டும். இந்தத் தேதியில் மறுபடியும் உங்களை வந்து பார்த்துப் பேசுகிறேன்."

கவனிச்சீங்களா, காரணம் எழுதல. காரணம் எழுதினா அதுக்கு ஒரு தீர்வு சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க. தேதி மட்டும் கட்டாயம் இருக்கணும். தேதி இல்லாத விடுப்பை யாரும் விடுப்பா எடுத்துக்க மாட்டாங்க.

"யாருமே இல்லையே"ன்னு சொன்னா ஒரே பதில்: "ஆறு வாரம் இருக்குங்க ஐயா, அதுக்குள்ள தேடுவோம். கிடைக்கலைன்னா குழு மாசம் ரெண்டு தடவை கூடட்டும்." அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க. அமைதியா இருக்கிறது கஷ்டம், ஆனா அந்த அரை நிமிஷத்துலதான் நாம எல்லாரும் "சரிங்க ஐயா, நானே பார்த்துக்கிறேன்"னு சொல்லிடறோம்.

---

ஓய்வுபெற்ற_உபதேசியார் பதில்:

ஜெபம் வராத நாளில் சொந்த வார்த்தையைத் தேடாதீர்கள். அதற்குத்தான் சங்கீதங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. காலையில் 131, மூன்றே வசனம். "பால்மறந்த குழந்தையைப்போல" என்று வரும். அந்தக் குழந்தை தாயிடம் எதையும் கேட்பதில்லை, மடியில் கிடக்கிறது, அவ்வளவே. இராத்திரி 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." வாய்விட்டு வாசித்தால் போதும், உணர்ச்சி வரவேண்டிய கட்டாயம் இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் உட்காரவேண்டும் என்று தீர்மானம் எடுத்தால் அதுவும் ஒரு பொறுப்பாகிவிடும்.

வகுப்புக்காக வாசிப்பதை இதில் சேர்க்காதீர்கள். பாடம் தயாரிக்க வாசிக்கும்போது கண் பிள்ளைகளுக்காகத்தான் தேடும். பாடத்தில் வராத ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட ஒருவர் உங்களுக்காக ஜெபிக்கட்டும். ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில் மோசே உயர்த்திப் பிடித்த கை அசந்துபோனபோது கர்த்தர் கைக்குப் புதுபெலன் கொடுத்ததாக எழுதவில்லை. உட்காரக் கல் வைத்தார்கள், ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் கையைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்கிறவரை கை நிலையாய் இருந்தது.

---

இராத்திரி_ஷிப்ட் பதில்:

ஒண்ணு மறந்துட்டேன். விடுப்பு எடுக்கிற முதல் சில வாரம் இன்னும் மோசமா இருக்கலாம். இத்தனை நாள் ஓட்டத்துல தெரியாம இருந்த களைப்பு அப்போதான் வெளிய வரும், தலைவலி, அழுகை, சும்மா தூக்கம். "விட்டதாலதான் இப்படி ஆச்சு, கர்த்தர் கோபமா இருக்கார்"னு நினைச்சுப் பல பேர் இந்த இடத்துலதான் திரும்பிப் போறாங்க. அந்த வாரங்கள்ல எந்த முடிவும் எடுக்காதீங்க. ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைங்க, அது மட்டும் போதும்.

---

கமிட்டி_செயலர் பதில்:

கடைசியா ஒரு சின்ன விஷயம், ஆனா இதுலதான் எல்லாரும் மாட்டுறாங்க. ஜெபக்குழு வாட்ஸ்அப் அட்மினை மாத்திட்டு நீங்க சாதாரண உறுப்பினரா இருங்க, சத்தத்தை அணைச்சு வைங்க. பாட்டுப்புத்தகம், காணிக்கை நோட்டு, பாய் இதெல்லாம் உங்க வீட்டு பீரோவுலதான் இருக்கும். ஆறாவது வாரம் அதையெல்லாம் ஒரு பெட்டியில போட்டு, கூட ஒரு பட்டியலும் எழுதி, புதுசா பொறுப்பு எடுக்கிறவங்க வீட்டுலயே கொண்டுபோய் வச்சுடுங்க. பாய் உங்க வீட்டுல இருக்கிறவரைக்கும் ஜெபக்குழு உங்க வீட்டுலதான் நடக்கும்.